ரத்தத்தில் ஊறியது

‘ரத்தத்தில் ஊறியது’ என்று சொல்லும்போது ஒரே மூச்சில் இரண்டு எதிரெதிரான காரியங்களைச் செய்துவிடுகிறோம். பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறோம்; ரத்தத்தோடு யார் வாதாடுவது? ஆனால் முடிக்கும்போதே ‘ஊறியது’ என்றும் ஒப்புக்கொள்கிறோம். ஊறுவதென்றால் வெளியே இருந்த ஒன்று காலம் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது என்று அர்த்தம். மாங்காயில் உப்பு ஊறுகிறது. எந்த மரத்திலும் மாங்காய் உப்போடு காய்ப்பதில்லை. இந்தத் தொடரைத் தினமும் உபயோகிக்கிறவர்கள் ‘ரத்தம்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அக்கறை இரண்டாவது சொல்லில். எது ஊறியது, எவ்வளவு காலத்தில் ஊறியது, ஊறவைத்ததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமா? மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் இரண்டையும் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

நம்மிடையே இந்த விஷயம் பேச்சில் வரும்போது இரண்டு சாய்வுகளைப் பார்க்கிறேன். ஒன்றைக் கவிஞர்களின் சாய்வு என்று சொல்லலாம். கலாச்சாரம் ஒரு ஆடை. அதை உரித்துவிட்டால் அடியில் ஆதி உடல் ஒன்று, பசியும் காமமும் பயமும் மட்டுமேயான நிஜ மனிதன், நிற்கிறான் என்ற நம்பிக்கை. ‘ஆதி’ என்ற முன்னொட்டு கடந்த ஐம்பது வருஷத் தமிழ்க் கவிதையில் எத்தனை பெயர்ச்சொற்களின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொழுதுபோகாத யாராவது எண்ணிப் பார்க்கலாம். மற்றது, சமூகத்தைப் பற்றித் தீவிரமாக யோசிப்பவர்களின் சாய்வு. உடல் வெறும் களிமண், சமூகம் பிடித்தபடி உருவாகும். உயிரியலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அது பிற்போக்கின் வேலை என்ற சந்தேகம். இந்தச் சந்தேகத்துக்குச் சரித்திர நியாயம் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் சண்டைபோடும் இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன. உடல் முதலில் வந்தது, கலாச்சாரம் பின்னால் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது என்று இருவருமே நம்புகிறார்கள். அந்த வரிசைதான் தவறு.

அதைக் காட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற இடத்தைக் கண்டார்கள். வெகுகாலம் கழித்து அங்கே அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவுப்படி, அங்குள்ள கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்தவை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் என்று சொல்லப்படுகிற எலும்புகளில் மிகப் பழையவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 3 லட்சம் வருஷம். நடுவில் 12 லட்சம் வருஷம். அத்திரம்பாக்கத்தில் உட்கார்ந்து கல்லின் இரு முகத்தையும் செதுக்கியவர்கள் நாமல்ல. ஆனால் அந்த வேலையை ஒருவர் செய்ய இன்னொருவர் பார்த்துக் கற்றிருக்க வேண்டும். எந்தக் கல், எந்தக் கோணத்தில் தட்டு, எப்போது நிறுத்து என்பதெல்லாம் உடலோடு பிறப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் லொமெக்வியில் கிடைத்த கருவிகள் இன்னும் பழையவை, 33 லட்சம் வருஷம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கைக்கோடரியைப் பார்க்கும்போது எனக்கு உள்ளங்கை தானாகவே மடிந்திருக்கிறது. அந்தக் கல் என் கைக்குப் பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். நியாயமாகச் சொன்னால், என் கைதான் அந்தக் கல்லுக்குப் பொருந்தும்படி வந்திருக்கிறது. கல் மூத்தது.

இதை 1876இலேயே ஏங்கெல்ஸ் பிடித்துவிட்டார். கை உழைப்பின் உறுப்பு மட்டுமல்ல, உழைப்பு உண்டாக்கிய உறுப்பும் அதுவே என்ற அவர் கருத்து, குரங்கிலிருந்து மனிதன் உருவானதில் உழைப்பின் பங்கு பற்றிய முடிக்கப்படாத கட்டுரையில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு 1896இல்தான் அது அச்சேறியது. ஒரு தலைமுறை உழைத்துப் பெற்ற நெகிழ்வு அப்படியே அடுத்த தலைமுறையின் கைக்கு வந்துவிடும் என்பதுபோல் அவர் எழுதியது லாமார்க்கின் வழி. அது செல்லாது. கருவி புழங்கும் கூட்டத்தில் விரல் நன்றாக வளைகிறவனின் பிள்ளைகள் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்தார்கள், அவ்வளவுதான். இந்த ‘கொஞ்சம்’ லட்சக்கணக்கான வருஷம் நடந்தது. பொறிமுறையில் ஏங்கெல்ஸ் தவறினாலும் திசையில் தவறவில்லை. நம் முற்போக்கு நண்பர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதெல்லாம் உழைப்பின் பெருமையைத்தான். உடலைப் பற்றி அவர் சொன்னதை விட்டுவிட்டார்கள். 1960களில் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் மானுடவியல் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த இடமும் இதற்கு அருகில்தான். கலாச்சாரமில்லாத மனிதன் என்று ஒருவன் இருந்தால் அவன் ஆற்றல் மிகுந்த ஆதிமனிதனாக இருக்கமாட்டான், எதற்கும் வழிதெரியாத ஒரு அரைகுறைப் பிராணியாகத்தான் இருப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் கவிதைகளில் ஆடையை உரித்துக்கொண்டு நிற்பவனை நினைத்துப் பாருங்கள். உரித்தபின் அங்கே நிற்பதற்கு ஆள் இல்லை.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரிச்சர்ட் ராங்கம் 2009இல் எழுதிய புத்தகத்தில், சமைத்த உணவுதான் நம் பல்லையும் தாடையையும் குடலையும் சிறிதாக்கி, மிச்சப்பட்ட சக்தியை மூளைக்கு அனுப்பியது என்கிறார். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லும் மாற்றம் சுமார் 19 லட்சம் வருஷத்துக்கு முன் தொடங்குகிறது. நெருப்பைக் கையாண்டதற்கு ஓரளவு திடமான பழைய தடயமோ தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில், சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முந்தையது. அந்த இடைவெளியை நான் அவ்வளவு சுலபமாகத் தாண்டமாட்டேன். எப்போது தொடங்கியது என்பது பாக்கியிருந்தாலும், அடுப்பை நம்பியே வளர்ந்த வயிறு நம்முடையது என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது நம் எல்லோருக்கும் பொதுவான பழங்கதை. விஷயம் சூடு பிடிப்பது அண்மைக்கால உதாரணங்களில், வழக்கத்துக்கு வழக்கம் உடல் வேறுபடும் இடங்களில்.

பாலை எடுத்துக்கொள்வோம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற என்ஸைம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. தாய்ப்பால் மறந்தபின் பெரும்பாலோர் உடம்பு அதைக் குறைத்துவிடும். பாலூட்டிகளுக்கெல்லாம் இதுதான் விதி. உலகத்தின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பாலை அப்படியே செரிக்கக்கூடியவர்கள். அவர்களிடம் ஒரு ஜீன் மாற்றம் அந்த என்ஸைமைக் கடைசிவரை நிறுத்தாமல் வைத்திருக்கிறது. இந்த மாற்றம் மாடு ஒட்டகம் மேய்த்தவர்களிடையே பரவியது. ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடம் வேறு சில மாற்றங்கள், அரேபியாவில் இன்னொன்று. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் ஒரே வழக்கம் ஒரே காரியத்தை உடம்பில் வெவ்வேறு இடத்தில் கைவைத்து சாதித்திருக்கிறது. இந்தியாவில் காணப்படுவது பெரும்பாலும் ஐரோப்பாவில் உள்ள அதே மாற்றம்; வடமேற்கில் மிகுதி, தெற்கிலும் கிழக்கிலும் வரவரக் குறைகிறது.

ஆனால் கதை இவ்வளவு நேராக இல்லை. வடமேற்கு அனத்தோலியாவில் கிடைத்த சட்டி ஓடுகளில் பால் கொழுப்பின் தடம் சுமார் 9000 வருஷத்துக்கு முந்தையது. ஐரோப்பாவில் அந்த ஜீன் குறிப்பிடத்தக்க அளவுக்குப் பெருகியது கி.மு. 1000ஐ ஒட்டித்தான் என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நடுவில் பல ஆயிரம் வருஷம் செரிக்காத உடம்போடு மனிதர்கள் பாலைப் புழங்கியிருக்கிறார்கள். சாதாரண நாளில் வயிறு உப்பும், போகும். அது யாரையும் கொல்லாது. பஞ்சத்திலும் தொற்றுநோயிலும் ஏற்கெனவே வாடிய உடம்பில் அதே வயிற்றுப்போக்கு கொன்றுவிடும். ஜீனைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கெட்ட வருஷங்களாக இருக்கலாம் என்பது அவர்கள் அனுமானம். எனக்கு இது நம்பத்தகுந்ததாகப் படுகிறது. வழக்கம் மெதுவாக, சாவுகளின் வழியாகத்தான் ஊறியிருக்கிறது. ‘பரிணாமம்’ என்று நாம் மேடையில் உச்சரிக்கும்போது இந்தச் சாவுகளின் வாடை அதில் இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. பாலை உறை ஊற்றிவிட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பகுதியை நமக்கு முன்னால் தின்று முடித்துவிடும். என் பாட்டி ராத்திரி கடைசி வேலையாகச் செய்தது ஒரு கரண்டி மோரைப் பாலில் விட்டு மூடுவதுதான். பால் குடித்தால் ‘ஒத்துக்காது’ என்று சொல்லிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் மோர் சாதம் சாப்பிட்ட கிழவி. மங்கோலிய மேய்ப்பர்கள் உணவில் பெரும்பங்கு பாற்பொருள்தான். அவர்களில் பாலைச் செரிக்கும் ஜீன் உள்ளவர்கள் மிகச் சொற்பம். அவர்களும் புளிக்கவைக்கிறார்கள். ஆக, ஒரே நெருக்கடிக்கு ஓரிடத்தில் உடம்பு மாறியது. வேறிடத்தில் பானையே அந்த வேலையைச் செய்து உடம்பைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. வழக்கம் உடலை மாற்றும் அளவுக்கு, மாறாமல் காப்பாற்றவும் செய்கிறது. இதைப் பின்னால் உபயோகிக்கப் போகிறேன்.

2017இல் அமெரிக்காவில் வெள்ளை இனவெறியர்கள் சிலர் கேமரா முன்னால் நின்று பால் குடித்துக் காட்டினார்கள். எங்கள் உடம்பு செரிக்கும், உங்கள் உடம்பு செரிக்காது என்பது அவர்கள் உரிமைக் கோரிக்கை. கென்யாவிலும் டான்ஸானியாவிலும் மாடு மேய்க்கும் கறுப்பர்களின் உடம்பும் அதே காரியத்தைச் செய்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாட்டுக்கொட்டகையின் தழும்பை மகுடமென்று தலையில் வைத்துக்கொள்கிற மனோபாவம் நமக்கு மிகவும் பழக்கமானது என்பதற்காகச் சொல்கிறேன்.

அரிவாள் செல் நோயில் விலை இன்னும் பட்டவர்த்தனமானது. மலேரியாவுக்கும் இந்த ஜீனுக்கும் உள்ள தொடர்பை 1954இல் ஆந்தனி அலிஸன் நிறுவினார். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வாங்கிய குழந்தைக்கு மலேரியாவிலிருந்து ஒரு காப்பு. இருவரிடமிருந்தும் வாங்கிய குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் வலி. 1958இல் ஃபிராங்க் லிவிங்ஸ்டன் இதை விவசாயத்தோடு இணைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் வள்ளிக்கிழங்கு பயிரிடக் காட்டை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் விழும் குட்டைகள் தேங்கின. அந்த வெயில் குட்டைகளில்தான் மலேரியாக் கொசு பெருகும். மண்வெட்டி கொசுவை வளர்த்தது, கொசு ஜீனை வளர்த்தது. நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த ஜீன் இருப்பது 1952இல் பதிவாயிற்று. மலேரியாவைப் பற்றி இப்படி யோசிக்க முதலில் வழிவிட்டவர்களில் ஒருவரான ஹால்டேன் (1949இல், தலசீமியாவை வைத்து) கடைசியில் இந்தியப் பிரஜையாகி 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார் என்பது இந்த இடத்தில் ஏனோ ஞாபகம் வருகிறது.

காட்டை வெட்டியவனைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. அவனுக்குப் பசி. தன் மண்வெட்டி நூறு தலைமுறை கழித்து ஒரு குழந்தையின் மூட்டில் வலியாக வந்து உட்காரும் என்று அவன் அறிய வழியே இல்லை. அறியாமையும் அவசியமும் அவனை விடுவிக்கின்றன. பால் கறந்தவனுக்கும் இதேதான். மூன்றாவது கேள்வி இவர்களிடம் எடுபடாது.

எடுபடுகிற இடம் நம்முடையது. 1916இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒரு மானுடவியல் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். தீட்டு, தொழில், சமபந்தி மறுப்பு என்று மற்றவர்கள் சாதிக்குச் சொன்ன அடையாளங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சாதியின் சாரம் ஒன்றே என்றார்: அகமணம். அந்த அடைப்பைக் காப்பதற்குத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமியைக் கட்டிக்கொடுப்பது எல்லாம் என்பது அவர் வாதம். ஜீன் ஒன்றையும் படிக்க முடியாத காலத்தில் அவர் சமூகத்தை மட்டும் பார்த்துச் சொன்னது இது. சுமார் நூறு வருஷம் கழித்து உடம்பைப் படித்தவர்கள் அதையே வந்து தொட்டார்கள். ஹைதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இது: இந்திய நிலப்பரப்பில் ஆராயப்பட்ட ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் கலப்பினால் ஆனவை, அந்தக் கலப்பு சுமார் 4200 வருஷத்துக்கும் 1900 வருஷத்துக்கும் இடையில் மும்முரமாக நடந்திருக்கிறது, அதன்பின் கதவுகள் சாத்தப்பட்டன. 2016இல் மேற்கு வங்கத்துக் கல்யாணியிலிருந்து வந்த ஆய்வு, பல மேல்சாதிகளில் இந்தச் சாத்தல் ஏறத்தாழ 70 தலைமுறைக்கு முன் திடீரென்று நடந்ததாகக் கணக்கிட்டது. விவரங்களில் அவர்களுக்குள் வித்தியாசம் இருக்கலாம். திறந்திருந்த ஒன்று மூடப்பட்டது என்பதில் இல்லை. தூய்மை என்று ஒன்று தொடக்கத்தில் இருந்து பிறகு கெட்டுப்போனதாகத்தான் சாதியின் புராணம் சொல்கிறது. உடம்பு தலைகீழாகச் சொல்கிறது. கலப்பு முதலில், அடைப்பு பிறகு.

இந்த அடைப்பு உடம்புக்குள் என்ன செய்தது? பாலும் கிழங்கும் செய்ததை இது செய்யவில்லை. அங்கே ஒரு தேர்வு நடந்தது, எவ்வளவு குரூரமானாலும். சாதி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குதிரிலிருந்து ஒரு கைப்பிடி விதையை அள்ளி வேறு பானையில் போட்டு மூடி, அதையே விதைத்து அதையே அறுத்துக்கொண்டிருந்தால், அந்தக் கைப்பிடியில் தற்செயலாக வந்த நல்லதும் சொத்தையும் பெருகிக்கொண்டே போகும். அவ்வளவுதான் நடந்தது. 2017இல் 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்ததில் 81இல் இந்த அடைப்பின் தடம், இதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாஸி யூதர்களையும்விட ஆழமாக இருந்தது; அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ளவை. தெலுங்கு பேசும் வணிகர்களான வைசியர்களிடம் ஒரு என்ஸைம் குறைவு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அன்றாட வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது. அறுவைச் சிகிச்சை மேஜையில் சக்சினைல்கோலின் என்ற தசைதளர்த்தும் மருந்தைச் செலுத்தும்போது தெரியும். சில நிமிஷத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. குலப்பெருமை என்று நாம் கேட்டு வளர்ந்த அறிவு, வீரம், கைத்திறன் எல்லாவற்றிலும் ஒன்றைக்கூட ஆய்வுக்கூடத்தில் காட்ட முடிந்ததில்லை. காட்ட முடிந்தது இந்த மூச்சுத் திணறல் போன்ற சொத்தைகளைத்தான்.

ஆக ‘சாதி ரத்தத்தில் ஊறியது’ என்று சொல்பவர், தான் நினைக்காத ஒரு அர்த்தத்தில் சரி. கல்யாணம் கல்யாணமாக, முகூர்த்தம் முகூர்த்தமாக ஊறவைத்ததால் ஊறியிருக்கிறது. ஆனால் காட்டை வெட்டியவனுக்குக் கிடைத்த விடுதலை இவருக்குக் கிடைக்காது. இங்கே பசி இல்லை. கொசுவைப்போல் கண்ணுக்குத் தெரியாத இடைத்தரகர் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து, பெயர் சொல்லி, வேண்டாமென்றும் வேண்டுமென்றும் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கூடத்துக்குள்ளேயே நுழைய முடியாதவர்களுக்கு அந்த முடிவில் பங்கில்லை, அதன் விளைவில் மட்டும் பங்கு. சுவரை எழுப்பியவர்களும் சுவருக்கு வெளியே அடைக்கப்பட்டவர்களும் ஆய்வுக்கூட வரைபடத்தில் ஒரே மாதிரியான கட்டங்களாகத் தெரிவார்கள். விஞ்ஞானத்தின் குறை என்று இதைச் சொல்லமாட்டேன். வரைபடத்தை வாசிக்கிறவர்கள் மறக்கக்கூடாத விஷயம்.

இன்னொன்று. நிஜமாகவே ரத்தத்தில் இருப்பதற்குக் காவல் தேவையில்லை. இதயம் துடிக்க வேண்டுமென்று எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானம் போடுவதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாதி மாறி மணந்த ஒரு இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். அடைப்பு இயற்கையாக இருந்தால் அதைக் காக்க அரிவாள் எதற்கு? தேர்வு என்று ஒன்று இங்கே உண்டென்றால் அது இந்த அரிவாளின் தேர்வு. அதை எடுத்தவர்கள் இயற்கையின் பெயரைச் சொல்கிறார்கள்.

உயிரியலைப் பற்றிப் பேசுவதே ஆபத்து என்று சந்தேகப்படுகிற நண்பர்களுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். 1975இல் எட்வர்ட் வில்ஸன் சமூக உயிரியல் என்ற பெயரில் எழும்பிய அலைக்கு அடுத்த வருஷமே மார்ஷல் ஸாலின்ஸ் கடுமையாக எதிர்ப்பு எழுதினார், எதிர்ப்பு நியாயமானது. ஆரிய இனம், இனச்சுத்தம் என்று இந்தப் பாதையில் நடந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியும். ஆனாலும் உடம்பைப் பற்றிய பேச்சை நாம் கைவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. குலம், கோத்திரம், வித்து, பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் அங்கே ஏற்கெனவே நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சமூகம் உண்டாக்கியது என்று மட்டும் நாம் சொன்னால், அவர்கள் ஒரு ஆய்வறிக்கையைக் காட்டி, இதோ சாதிக்குச் சாதி ஜீன் வேறுபடுகிறது என்பார்கள். வேறுபடுகிறதுதான். எதனால் என்ற அடுத்த கேள்வியை அவர்களிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மில் பலருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறை வைத்து நெருங்கிய ரத்தத்துக்குள் மணப்பது தென்னாட்டின் பழைய ஏற்பாடு. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் அனுமதித்தால் சரி என்று அதற்கு வாசல் விட்டிருக்கிறது. சாதி அடைப்புக்குள் இது இன்னொரு சிறு அடைப்பு. இதில் பரிவும் உண்டு, பெண் தெரிந்த வீட்டுக்குப் போகிறாள் என்ற ஆறுதலும் உண்டு, நிலம் வெளியே போகாது என்ற கணக்கும் உண்டு. ஒரே பழுதை இரண்டு பக்கமும் சுமக்கும் சாத்தியம் கூடும் என்பதும் உண்டு. சாதி வழக்கத்தைப் பேசும் உற்சாகத்தோடு இதைப் பேச நம் நாக்கு எழுவதில்லை. மாமன் மகளை வர்ணித்து எத்தனை கதைகள்.

2023 ஜூலையில் மத்திய அரசு அரிவாள் செல் நோயை ஒழிக்க ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடி மக்களைப் பரிசோதித்து, ஒவ்வொருவர் கையிலும் அவர் ஜீனின் நிலையைச் சொல்லும் அட்டையைக் கொடுப்பது அதில் ஒரு பகுதி. கல்யாணத்துக்கு முன் இரு பக்கத்து அட்டையையும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தான். வலியோடு பிறக்கப்போகிற ஒரு குழந்தை வலியில்லாமல் பிறக்குமென்றால் அதற்குமேல் தத்துவம் பேசுவது அசிங்கம். சாதிகளுக்கும் இதே முறையை விரிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் வைதீக யூதர்கள் 1980களிலிருந்து இப்படித்தான் செய்கிறார்கள்: ஒரே பழுதைச் சுமக்கும் இருவரை மட்டும் சேர்க்காமல் தவிர்த்து, சமூகத்துக்குள்ளேயே ஜோடி சேர்க்கிறார்கள், நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது, வேலி அப்படியே இருக்கிறது. நம் ஊரில் ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மஞ்சள் தடவி அனுப்பும் நாள் தூரத்தில் இல்லை. உறை ஊற்றிய பானையைப்போல, இந்தச் சீட்டும் நெருக்கடியைத் தணித்து வழக்கத்தை மாறாமல் காப்பாற்றிக் கொடுக்கும். பாட்டியின் பானையை நான் கொண்டாடினேன். இந்தப் பானையைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சீட்டு வேண்டாமென்று சொல்ல மாட்டேன். வழக்கத்தின் மேலுள்ள என் கோபத்துக்கு இன்னும் பிறக்காத ஒருத்தியின் மூட்டு ஏன் வலிக்க வேண்டும்?

சீட்டு வாங்கிக்கொள்ளும் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய செய்தி இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். எழுபது தலைமுறை பூட்டி வைத்துச் சேர்த்தது, அடைப்புக்கு வெளியே நடக்கும் ஒரே கல்யாணத்தில், அந்தத் தம்பதிகளின் குழந்தையிடம், பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது. பழுதைச் சுமப்பது அவளிடமும் தொடரலாம். ஆனால் அதே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது அபூர்வமாகிவிடும். ஊறியதற்கு ஆன காலத்துக்கும் அவிழ்வதற்கு ஆகும் காலத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நான் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 1500 வருஷத்துக்கு எதிரே பத்து மாதம். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்கு பேரில் நம்மில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறோம், இனியும் இருப்போம்.